புக்குச் சீட்டு

'ரசீது' என்று அச்சடித்திருக்கலாம். 'முன்பதிவு அட்டை' என்று கம்பீரமாகக்கூடப் போட்டிருக்கலாம். நான் போய் 'முன்பதிவுச் சீட்டு' என்று அச்சடித்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் போய்ச் சீட்டு என்கிற வார்த்தையை அச்சடித்துக் கொடுத்தவனை என்ன சொல்வது? சொன்னார்கள். என்னென்ன சொன்னார்கள் என்பதுதான் மிச்சக் கதை.

எனக்குப் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. நின்றது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது. தமிழய்யா கேள்வி கேட்டால், கடைசி பெஞ்சிலிருந்து அவர் குரலிலேயே நான் பதில் சொல்வேன். பதில் சரியாகத்தான் இருக்கும். குரல்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

பிறகு மீஞ்சூரிலிருந்து தினமும் பாசஞ்சர் ஏறி கும்மிடிப்பூண்டிக்குப் போய், போல்ட்டு நட்டு செய்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பர் வேலை. அந்த ரயில் பொன்னேரியில் எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டு நிற்கும். நிற்கிற நேரமெல்லாம் நான் எழுதினேன். ரயில் ஒழுங்காகப் போயிருந்தால் அது சிறுகதையாக முடிந்திருக்கும். போகவில்லை. நாவலாகிவிட்டது. அதுவும் சரித்திர நாவல்.

ஆரணி ஆற்றங்கரையில் ஒரு குட்டி ராஜ்யம். தளபதி ராஜாவைக் கொன்றுவிட்டு சிம்மாசனத்தில் ஏறி உட்காருகிறான். கைக்குழந்தையாக இருந்த இளவரசன் ஓர் ஓடக்காரன் வீட்டில் வளர்கிறான். ஓடக்காரனுக்கு ஒரு மகள். அப்புறம் வாள், குதிரை, சுரங்கப் பாதை எல்லாம் உண்டு. என் கதையில் எல்லோரும் 'அந்தோ' என்பார்கள். கதவு திறந்தால் அந்தோ, மூடினால் அந்தோ. அதுதான் செந்தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். என் ரயிலைவிட வேகமாகத் திரும்பி வந்தது. சரி, நாமே அச்சடித்துவிடலாம் என்று திருவள்ளூரில் ஓர் அச்சகத்தைப் பிடித்தேன். கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடிக்கிற இடம். முதலாளி என் தாள்கட்டைக் கையில் வாங்கி, படிக்கவில்லை, எடை பார்த்தார்.

"போட்டுக் குட்துடலாம் தம்பி. பேப்பருக்கும் கம்போசிங்குக்கும் முன்னாடியே வச்சுடணும். கதைய நம்பி யாரும் பேப்பர் குடுக்க மாட்டான்."

என் சம்பளத்தில் அட்டைகூட வராது. இதை எங்கள் ஒர்க்‌ஷாப் டைம்கீப்பரிடம் புலம்பினேன். கேட்டருகே உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வந்தான் என்று குறிக்கிற வேலை அவருக்கு. செவ்வாப்பேட்டைக்காரர், காலேஜ் வாசலை மிதித்தவர், நிறையப் படிக்கிறவர்.

"அட அசடே, பெரிய பெரிய புத்தகமெல்லாம் முன்பதிவுலதான் வந்திருக்கு. புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே ஜனங்ககிட்ட பணம் வாங்கிடணும். மொத்தமா கேட்டா தர மாட்டான். மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா வாங்கு. வாங்கினதுக்கு அத்தாட்சியா கையில ஒண்ணு குடு" என்றார் அவர்.

அந்தக் 'கையில ஒண்ணு'தான் சீட்டு. அதையும் திருவள்ளூரிலேயே அடித்தேன். மேலே வாள் படம் போடச் சொன்னேன். வாள் பிளாக் இல்லையாம். குத்துவிளக்குப் படத்தைப் போட்டுவிட்டார். கீழே வரிசை எண் வேறு. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

விற்றதே ஒரு வேகம்! எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தன் பாக்கி இல்லை. பக்கத்து ரோலிங் மில்லில் கம்பி இழுக்கிறவர்கள் தேடி வந்து வாங்கினார்கள். சூளூர்பேட்டையிலிருந்து வந்து அந்த மில்லில் மேஸ்திரியாக இருந்த ஒருவர் இரண்டு சீட்டு வாங்கினார். அவருக்குத் தமிழ் பேச வரும், ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. அப்போதாவது எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த ஊரில் இலக்கியத்துக்கு இவ்வளவு பசியா என்று ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

அடுத்த சம்பள நாளன்று எங்கள் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் விஷயம் வெடித்தது. கடைக்காரி பழவேற்காட்டுப் பக்கத்து மீன்பிடிக் குப்பத்துக்காரி. ஏரியில் மீன்பாடு படுத்ததும், தொழிற்சாலை வருகிறது என்று கேள்விப்பட்டு இங்கே கீற்றுப் போட்டவள். டீ, வடை, வறுத்த மீன் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். சில நாள் ஒரே வாசனையிலும் கிடைக்கும். எல்லோருக்கும் அவள் அக்கா. எவர்சில்வர் பாத்திரச் சீட்டு நடத்தி அந்த வட்டாரத்தில் பேர் எடுத்தவள். என்னிடமும் ஒரு சீட்டு வாங்கியிருந்தாள்.

"டேய் கதக்காரா, குலுக்கல் எப்பொ?" என்றாள்.

"இன்னா குலுக்கல் யக்கா?"

"இன்னா குலுக்கலா? மொத மாசம் கட்டியாச்சி. பேர் எய்தி டம்ளர்ல போட்டு எடுக்க வாணாம்? பாத்திரச் சீட்டுல மாசம் ஒர்த்தருக்கு குண்டான் குடுக்கறேன் இல்ல? நீ புக்குச் சீட்டுல ஒர்த்தருக்கு புக்கு குடு."

எனக்குக் காதில் ரயில் கூவியது.

"யக்கா, இது அந்தச் சீட்டு இல்ல. இது முன்பதிவு. ரயில்ல ரிசர்வேசன் பண்றாங்க இல்ல, அந்த மாதிரி."

"ரயிலு எப்பொ வரும்?"

"ஆறேழு மாசம் ஆவும்."

"ஆறேழு மாசம் கயிச்சி வர ரயிலுக்கு இப்பமே டிக்கிட்டா? எவன்டா உனுக்கு இந்த புத்தி குட்தது?"

புத்தி கொடுத்தவர் டீ கிளாஸோடு ரோட்டுப் பக்கம் திரும்பி, போகிற லாரிகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மில் மேஸ்திரி தம் இரண்டு சீட்டையும் விசிறி மாதிரி விரித்துக்கொண்டு வந்தார். "நைனா, குலுக்கல் இல்லாத சீட்டு சீட்டா? டப்பு திருப்பிக் குடுத்துடு. எங்க ஊர்ல ஒர்த்தன் இப்டித்தான் சீட்டு புடிச்சிட்டு ஓடிப்பூட்டான்."

"நான் எங்கண்ணா ஓடப் போறேன்? மீஞ்சூருக்குத்தான்."

"அவனும் பக்கத்து ஊருக்குன்னுதான் சொன்னான்."

வாங்கியதெல்லாம் திருவள்ளூரில் பேப்பராகிவிட்டது. திருப்பிக் கொடுக்க என்னிடம் இருந்தது கதை மட்டும்தான். புத்தகத்தை நிறுத்தவா, குலுக்கவா? குலுக்கினேன். பேர்களை எழுதிச் சுருட்டி டம்ளரில் போட்டோம். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற புண்ணியத்தை டைம்கீப்பருக்கே கொடுத்தேன். எடுத்தார். அக்கா பேர்.

"குட்றா சரக்க."

"சரக்கு இன்னும் அச்சே ஆவலியே யக்கா!"

"கையால எய்தி வச்சிக்கினு கீறே இல்ல, அத்தக் குடு."

"அது ஒண்ணுதான் கீது. அதுவும் பிரஸ்ஸுக்குப் போவணும்."

"எனுக்கு ஒண்ணும் படிக்கத் தெரியாது. குட்தா வடைதான் மடிச்சுக் குடுப்பேன். நீயே குந்திப் படி. பேர் வுயுந்தவளுக்கு சரக்கு வந்தாவணும், அது சீட்டு தர்மம்."

சனிக்கிழமை அரை ஷிப்ட் முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அக்காவுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தது. வடை இருக்கிற இடத்தில் எப்படித் தனியாகப் படிப்பது? இரண்டு ஒர்க்‌ஷாப்பும் ஒரு மில்லும் கூடிவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினேன்.

"அந்தோ! ஆரணியாற்றின் அலைகள் ஆர்ப்பரித்தன..."

"அந்தோன்னா இன்னாடா?"

"அய்யோன்னு அர்த்தம் யக்கா."

"அப்ப அய்யோன்னே எய்தறது."

"சரித்திர நாவல்ல அய்யோன்னு எய்தக் கூடாது."

"ஏன், அந்தக் காலத்துல எவனுக்கும் வலிக்கலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கிண்டல் செய்ய அதுவரை யாரும் துணிந்ததில்லை; நான்தான் எல்லோரையும் கிண்டல் செய்பவன். அன்றைக்கு முதன்முதலாக அடி வாங்குகிற பக்கம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கூட்டம் பீடி பற்ற வைக்க ஆரம்பித்தது. விட்டால் எழுந்து போய்விடுவார்கள், அடுத்த மாசம் கட்டமாட்டார்கள். தாளை மடியில் வைத்துக்கொண்டு வாயால் சொல்ல ஆரம்பித்தேன். பாதி படிப்பேன், பாதி சொல்வேன். தளபதி எங்கள் சூப்பர்வைசர் மாதிரி நடந்தான். ராஜா எங்கள் முதலாளி மாதிரி மூக்கால் பேசினார். பீடி அணைந்தது.

"ராஜாவக் கொன்னது தப்புதான், ஒத்துக்கறேன்" என்றார் மேஸ்திரி. "ஆனா அந்தத் தளபதி எத்தினி சண்டை போட்டான்? ராஜா சம்பளம் ஏத்தினாரா?"

"தெரியாதுண்ணா. எய்தல."

"அத்த எய்தாம கொலகாரன்னு மட்டும் எய்திக்கீறே. ஒரு பக்கமா பேசாத நைனா."

அடுத்த குலுக்கலில் பேர் விழுந்தது இவருக்குத்தான். இவர் தம் சரக்கைத் தம் அறையில்தான் வாங்கிக்கொள்வேன் என்றார். போனேன். சூளூர்பேட்டை, தடா ஆட்கள் ஓர் அறை நிறைய. நான் ஒரு வரி சொல்வேன், இவர் அதைத் தெலுங்கில் பத்து வரி சொல்வார். இளவரசன் செத்துப்போன தாயை நினைத்துக் கதறுகிற இடம். நானே எழுதும்போது பொன்னேரி ஸ்டேஷனில் மூக்கைச் சிந்திய இடம். அறையே விழுந்து விழுந்து சிரிக்கிறது.

"இன்னாண்ணா சொன்னீங்க?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன். லேசா மசாலா போட்டேன்."

"அழுவற எடத்துல எதுக்குண்ணா மசாலா?"

"நாள் பூரா நெருப்புல நின்னுட்டு வந்துகீறான். இவனை அழ வைக்கவா நான் சீட்டு வாங்கனேன்?"

இப்படி ஒவ்வொரு மாசமும் ஒருத்தர் பேர் விழ, விழுந்தவர் சொன்ன இடத்தில் நான் போய்ச் சொல்ல, நாவல் ஏறக்குறைய முழுசும் வாய்வழியாகவே செலவாகிவிட்டது. அப்புறம்தான் அடுத்த பேஜாரு. பணம் கேட்டுப் போனால் ஆள் ஆளுக்கு முகத்தைத் திருப்பினார்கள்.

"கதைதான் கேட்டாச்சே, புக்கு இன்னாத்துக்கு?"

"கதை கேட்டா புக்கு வோணாமா?"

"சோறு துன்னப்பறம் எல எதுக்குடா?"

திருவள்ளூரிலோ முதலாளி பேப்பர் தீர்ந்துவிட்டது என்கிறார். அதுவரை அடித்த பாரங்கள் மூலையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஒரு பாரம் என்றால் பதினாறு பக்கம். இன்னும் சில பாரம் போனால் நாவல் முடியும். பணம் நின்றால் அவை பொட்டலத்துக்குப் போகும். இந்த ஒரு புத்தகம் வந்துவிட்டால் போதும், நான் எழுத்தாளன். வராவிட்டால் டீக்கடையில் கதை சொல்கிற ஹெல்பர். யோசித்தேன். கூட்டம் கூடியிருக்கும்போது சத்தமாகச் சொன்னேன்.

"கடைசி அத்தியாயம் யாருக்கும் சொல்ல மாட்டேன். இளவரசன் ஜெயிச்சானா, அந்தப் பொண்ணு இன்னா ஆனா, எல்லாம் புக்குலதான் கீது. வோணும்னா கட்டி முடிங்க."

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பினாள். டீ போட்டுக் கொடுத்தாள். பார்த்தால் கிளாஸில் முக்கால்தான் இருக்கிறது.

"மிச்சம் எங்க யக்கா?"

"புக்குல கீது."

புத்தகம் வருகிற வரைக்கும் எனக்கு முக்கால் டீதான். முழு டீக்கு முழுக் காசு. ஆனால் திட்டிக்கொண்டே எல்லோரும் கட்டினார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்காமல் டைம்கீப்பரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எப்படிக் கொடுத்தால் என்ன, பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் அதை மடியில் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் திருவள்ளூருக்குப் போனேன்.

போனால் மெஷினில் யாருடைய கல்யாணமாவது ஓடிக்கொண்டிருக்கும்.

"வைகாசி தம்பி. நிகழும் மங்களகரமானவே நிக்காம வருது. ஆடில வா. ஆடில ஒர்த்தன் கல்யாணம் பண்ண மாட்டான். மெஷின் சும்மாதான் கெடக்கும்."

ஆடி வந்தது. தமிழ்நாட்டில் ஆடி மாசம் பிறக்க வேண்டும் என்று கிழமை எண்ணிக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். போனேன். மெஷினில் கூழ் ஊற்றுகிற நோட்டீஸ். தெருவுக்கு ஒரு அம்மன், அம்மனுக்கு ஒரு நோட்டீஸ், நோட்டீஸ் நிறைய நிர்வாகிகள் பேர்.

"மாரியாத்தாளுக்கு முன்னாடி உன் இளவரசன நிறுத்த முடியுமா? நீயே சொல்லு" என்றார் முதலாளி.

கூழுக்கும் கூழுக்கும் நடுவே நுழைந்து நுழைந்து என் பாரங்கள் அச்சாயின. கடைசி பாரம் கம்போஸ் ஆகி மெஷினில் ஏற வேண்டிய நேரத்தில் ஆவணி பிறந்துவிட்டது. ஆவணி என்றால் மறுபடி கல்யாணம். அங்கே என்ன ஆனது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. புத்தகம் தயார் என்று ஆள்விட்டார்கள். புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்து டீக்கடை பெஞ்சில் வைத்துப் பிரித்தேன். என் பேர் அட்டையில் இருந்தது. முதல் பத்து நிமிஷம் நான் தரையில் இல்லை.

பதினோராவது நிமிஷம் டைம்கீப்பர் கூப்பிட்டார். அவர் எல்லோரையும் போல முதல் பக்கத்தில் தொடங்காமல் நேராகக் கடைசிக்குப் போய்விட்டார்.

"தம்பி, சுரங்கத்துல இளவரசனும் தளபதியும் வாளை உருவறாங்க. சரி. பக்கத்தைத் திருப்பினா இளவரசன் கைக்குழந்தையா இருக்கான். மறுபிறவியா? புதுமையா இருக்கே!"

பிடுங்கிப் பார்த்தேன். முதல் பாரம் கடைசியிலும் இருந்தது. ஆரணியாற்றின் அலைகள் மறுபடி ஆர்ப்பரித்தன. எல்லாப் புத்தகத்திலும் அப்படியே. அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திருவள்ளூருக்கு ஓடினேன்.

"அதுவா" என்றார் முதலாளி, தலை நிமிராமல். "முகூர்த்தத்துக்கு ஈய எழுத்து பத்தல. கோத்து வச்சிருந்த உன் கடைசி பாரத்தப் பிரிச்சுக் கல்யாணப் பத்திரிகைக்குப் போட்டுட்டோம். மொத பாரம் கொஞ்சம் அதிகமா அடிச்சது கெடந்துச்சி. கனம் குறையக் கூடாதேன்னு பின்னாடி வச்சு தச்சுட்டோம். யார் கடைசி வரைக்கும் படிக்கறாங்க?"

"என் கையெழுத்துத் தாளாவது குடுங்க."

தேடினார்கள். மை துடைத்த துணிக் கூடையில் இரண்டு தாள் கிடைத்தது. ஒன்றில் 'அந்தோ' மட்டும் தெரிந்தது. திரும்ப எழுதிக்கொண்டு வந்தால் அடித்துத் தருவாராம். ஆனால் பேப்பருக்கு மறுபடி முன்னாடியே வைத்துவிட வேண்டுமாம்.

அதற்குப் பிறகு எனக்கு ரயிலிலும் நிம்மதியில்லை, கக்கூஸிலும் நிம்மதியில்லை. கதவைத் தட்டி, "டேய், கடைசில இன்னா ஆச்சி?" என்கிறார்கள். உண்மை முடிவைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது நான் மாசக்கணக்காக அடித்து அடித்து எழுதிய முடிவு. அது அச்சில் வர வேண்டும். கக்கூஸ் கதவுக்கு உள்ளேயிருந்து சொல்லி அதைத் தீர்க்க எனக்கு மனசில்லை. அதனால் ஆளுக்கு ஏற்ற மாதிரி கையில் வந்ததை எடுத்துவிட்டேன்.

மேஸ்திரிக்கு, இளவரசன் தளபதியை மன்னித்து, சம்பளத்தையும் ஏற்றி, திரும்ப வேலையில் வைத்துக்கொண்டான் என்று சொன்னேன். அக்காவுக்கு, இளவரசன் ராஜ்யமே வேண்டாம் என்று ஓடக்காரன் மகளைக் கட்டிக்கொண்டு, துறையிலேயே ஒரு கஞ்சிக் கடை போட்டுவிட்டான் என்றேன். டைம்கீப்பருக்குச் சோகம் பிடிக்கும். அவருக்கு இளவரசனைக் கொன்றுவிட்டேன்.

இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கடையில் கூச்சல் என்று ஓடிப் போய்ப் பார்த்தால், அக்கா கரண்டியோடு நிற்கிறாள், மேஸ்திரி எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"கஞ்சிக் கடையா? ராஜாவாம், கஞ்சி ஊத்தறானாம்! எந்த ஊர்லயாவது நடக்குமா?"

"கொலகாரனுக்கு சம்பளம் ஏத்தினது மட்டும் நடக்குமா? யோவ், உன் மில்லுலயே ஏத்தல!"

"அவன்தான் செத்துட்டானே" என்றார் டைம்கீப்பர் நடுவில் புகுந்து. இருவரும் சேர்ந்து அவரைப் பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "மெய்யாலுமே இன்னாடா? எது நெசம்?"

"அச்சுல வந்தா பாத்துக்கங்க. பேப்பருக்கு வய்யுங்க, வரும்" என்றேன்.

வைத்தார்கள். யார் சொன்னது நெசம் என்று காட்டுவதற்காகவே போட்டி போட்டு வைத்தார்கள். நான் ராத்திரியெல்லாம் விழித்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். அக்காவுக்கு என் மேலும் நம்பிக்கை இல்லை, திருவள்ளூர் மேலும் நம்பிக்கை இல்லை. மறுநாள் ஷிப்டுக்கு வந்தபோது டீக்கடை மூடியிருந்தது. எல்லோரும் வைத்த காசை முடிந்துகொண்டு, கருவாட்டுக் கூடையோடு காலை பஸ்ஸிலேயே அச்சகத்துக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

நான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நகர முடியவில்லை. ஏற்கெனவே லீவு எடுத்ததற்கு சூப்பர்வைசர் தளபதி மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். போனாலும் நான் எழுதிய தாள் இல்லாமல் அடிக்க முடியாது, திரும்பித்தானே வரப் போகிறாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பொழுது சாய வந்தாள். கூடை காலி. தலையில் ஒரு காகிதக் கட்டு. அதில் மை வாசனை.

"அடிச்சிக்கினு வந்துட்டன்டா!"

"எத்த யக்கா அடிச்சீங்க? தாளு என்கிட்டதான கீது?"

"தாளு இன்னாத்துக்கு? நீதான் எனுக்கு கத சொல்லிக்கீறே இல்ல. அந்தாளு முகூர்த்தம் முகூர்த்தம்னான். கருவாட்டுக் கூடைய மெசினாண்ட எறக்கி வச்சி, குந்திக்கினேன். நாத்தம் தாங்காம, சொல்லும்மா போட்டுக் குடுக்கறேன்னுட்டான். நான் சொன்னேன், அவன் கோத்தான்."

பிரித்தேன். பதினாறு பக்கம் வர வேண்டிய இடத்தில் நாலே பக்கம். சுரங்கத்தில் இருவரும் வாளை உருவி நிற்கிறார்கள். அதற்கு அடுத்த வரியை, என் பேர் போட்ட என் முதல் நாவலில், அச்சில், இப்படிப் படித்தேன்:

'தளபதி, நீயே வச்சிக்கோ இந்த ராஜ்யத்தை, எனக்கு இன்னாத்துக்கு இந்த ரோதனை என்று சொல்லி இளவரசன் வாளைக் கடாசிவிட்டு ஊட்டுக்குப் போனான். ஓடக்காரன் மகள் கடையில் இருந்தாள். அந்தோ, கஞ்சி ஆறுது, குந்து என்றாள்.'

"அந்தோ ஒண்ணு போடச் சொன்னேன்" என்றாள் அக்கா. "உனுக்குப் புடிக்குமேன்னு."

எனக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் விட மோசம், அந்தப் பொய் என்னுடையது. வேறு யார் மேலும் பாய முடியாது. கொண்டுவந்த காசும் அதிலேயே தீர்ந்துபோயிருந்தது. இன்னொரு முறை அடிப்பதற்கு யாரிடமும் எதுவும் இல்லை. இதை ஒட்டினால் புத்தகத்துக்கு ஒரு முடிவு இருக்கும். ஒட்டாவிட்டால் இளவரசன் எல்லாப் பிரதியிலும் கைக்குழந்தையாகவே கிடப்பான்.

அக்கா அதற்குள் அடுப்பில் மைதா காய்ச்சிவிட்டாள். பின்னால் இருந்த உபரிப் பாரத்தைக் கிழித்து எடுத்துவிட்டு, ஒவ்வொருவரும் நீட்டிய புத்தகத்திலும் நாலு பக்கத்தை வைத்து ஒட்டினேன். மேஸ்திரி தம் இரண்டு பிரதியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்துல ஒட்டாத நைனா. எனக்கு சொன்னது வேற. நீ கையால எய்து."

எழுதிக் கொடுத்தேன், சம்பள உயர்வோடு. டைம்கீப்பர் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தம் பிரதியையும் நீட்டினார். "எனக்கு அந்தச் சாவு, தம்பி. சுருக்கமா இருந்தாலும் போதும்."

அதையும் எழுதினேன். கடைசியில் என் பிரதி மட்டும் மிச்சம். இதிலாவது நான் எழுதிய முடிவு இருக்கட்டும் என்று அட்டையின் உட்பக்கத்தில் பேனாவை வைத்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா எய்தற? அதான் ஒட்டறமே."

"இது மெய்யான முடிவு யக்கா. மொதல்ல எய்தனது."

மேஸ்திரி கிளாஸைக் கீழே வைத்தார்.

"அதுல அந்தப் பொண்ணு இன்னா ஆவறா?"

"இளவரசன் பட்டம் கட்டிக்கறான். அவ ஆத்துல குதிச்சி செத்துடறா."

"எதுக்கு?"

சரித்திர நாவல்களில் அப்படித்தான் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் அக்கா என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, பேனாவை அந்தப் பக்கம் தள்ளி, மைதாவை வழித்து, அந்த நாலு பக்கத்தையும் அவள் கையாலேயே கோணலாக வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

"காயறவரைக்கும் தொறக்காத" என்றாள்.

காய்ந்த பிறகு திறந்து பார்த்தேன். மைதா அதிகமாகிப் போய், சுரங்கமும் கஞ்சிக் கடையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. இழுத்தால் கிழிகிறது.